மேல் கிடங்கின் நாற்பது மூட்டை

பிப்ரவரி மாதத்து முதல் திங்கட்கிழமை மடோய் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வந்தபோது கையில் இரண்டு அன்னாசிப் பழம் இருந்தது. புகிபோலி காப்பி விவசாயிகள் கூட்டுறவின் மேலாளர் அவர். பத்து வருடப் பழக்கம். பழத்தோடு வந்தால் ஏதோ காகிதம் வேண்டும் என்று அர்த்தம். வெறுங்கையோடு வந்தால் எங்கள் கட்டணத்தைத் தள்ளிப்போடப் போகிறார் என்று அர்த்தம்.

"உக்காருங்க மடோய். பழம் பெரிசா இருக்கே, காகிதமும் பெரிசோ?" என்றேன்.

"ஒரே ஒரு தாள்தான் மேடம். செப்டம்பர் முப்பதாம் தேதி மேல் கிடங்குல நீங்க மூட்டை எண்ணினீங்களே, அந்தத் தாளோட நகல். உங்க கையெழுத்தும் முத்திரையும் போட்டு வேணும். போலீஸ்ல குடுக்கணும்."

"போலீஸ்ல எதுக்கு?"

"கிடுடு மாட்டிக்கிட்டான்."

கிடுடு மேல் கிடங்கின் காப்பாளர். பதினாறு வருடமாக அந்த மலை உச்சிக் கிடங்கின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்குகிறது. போன வாரம் அந்தக் கிடங்கைக் காலி செய்து எல்லா மூட்டையையும் ம்பாலே நகரத்தில் இருக்கும் கீழ்க் கிடங்குக்கு இறக்கியிருக்கிறார்கள். இருப்புக் கார்டின்படி இறங்க வேண்டியதில் நாற்பது மூட்டை குறைவு. இரண்டு கோடி ஷில்லிங் பெறும் சரக்கு.

"கேட்டா என்ன சொல்றான் தெரியுமா?" மடோய் சிரித்தார். "செப்டம்பர் முப்பது காலையிலயே நாற்பது மூட்டை லாரியில கீழ போயிருச்சாம். மூட்டை இறங்கினதுக்கான சீட்டை டிரைவர் திருப்பிக் கொண்டுவரலையாம், அதனால கார்டுல கழிக்கலையாம். அந்த டிரைவர் நவம்பர்லயே எல்லை தாண்டி ஜூபாவுக்கு வேலைக்குப் போயிட்டான், போனும் எடுக்கறதில்லை. நல்ல சாட்சி பிடிச்சான் பாருங்க. ஆனா அவனுக்கு ஒண்ணு மறந்துபோச்சு. அன்னிக்கு மத்தியானம் நீங்க மேல போய் நூத்தி எண்பத்தாறு மூட்டைன்னு எண்ணி எழுதியிருக்கீங்க. காலையில போன மூட்டை மத்தியானம் எப்படி அங்க இருக்கும்? உங்க தாள் ஒண்ணு போதும், ஆள் உள்ள."

நான் பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுது. அதுக்குள்ள குடுத்தா போதும்" என்றார் மடோய். "அவசரமில்லை."

அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டேன். நான் மேல் கிடங்குக்குப் போகவே இல்லை.

*

அந்தச் செப்டம்பர் முப்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லிக்கொள்ளும்படியான நாள் அல்ல.

அது இரட்டைப்படை வருடம். எங்கள் மலையில் இரட்டைப்படை வருடம் என்றால் இம்பாலு வருடம். வயதுக்கு வந்த பையன்கள் தொடையில் மணி கட்டி, உடம்பெல்லாம் கேழ்வரகு மாவு பூசி, ஊர் ஊராக ஆடிக்கொண்டு போய்ச் சொந்தக்காரர்களை அழைப்பார்கள். கடைசி நாளில் வீட்டு முற்றத்தில் விருத்தசேதனக் கத்திக்கு முன்னால் நிற்பார்கள். கண் இமைத்தால் ஏழு தலைமுறைக்குக் கேலி. அந்தச் சடங்கு நாளையும் கூட்டுறவின் கணக்கு வருடம் முடியும் நாளையும் ஒன்றாகக் கொண்டுவந்து வைத்த புண்ணியவான் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காலையில் கீழ்க் கிடங்கில் எண்ணினேன். ஒழுங்காகத்தான் எண்ணினேன். அடுக்கு அடுக்காக, மூட்டையின் குறி, எண்ணிக்கை, எந்தச் சுவர் ஓரம் என்றெல்லாம் எழுதி, சந்தேகம் வந்த இடத்தில் மேலே ஏறி நின்று குதிகாலால் தட்டிப் பார்த்து. எங்கள் தொழிலில் வருடக் கடைசியில் ஆடிட்டர் போய்ச் சரக்கை நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி. புத்தகம் என்ன வேண்டுமானாலும் சொல்லும். தரைதான் பொய் சொல்லாது.

பன்னிரண்டரைக்கு வாடகை மோட்டார் சைக்கிளில் மலை ஏறினேன். பாதி வழியில் சாலை முழுக்க ஆட்டக்காரர்கள். முன்னால் மூன்று ஊர்வலம், பின்னால் இரண்டு. எந்தப் பக்கமும் நகர முடியவில்லை. அப்போதுதான் அண்ணன் வமிம்பி போன் செய்தான்.

"எங்க இருக்க நீ? பையன் மூணு மணிக்கு நிக்கப் போறான். அத்தை கையால மாவு பூசாம நம்ம வீட்டுல எவனும் நின்னதில்லை, தெரியுமில்ல?"

"வந்துடறேன்டா. ஒரு கிடங்கு பாக்கி."

"காப்பிக் கொட்டை நாளைக்கும் அங்கதான் இருக்கும். என் பையன் ஒரு தடவைதான் நிப்பான்."

சொன்னது நியாயமாகத்தான் பட்டது. கிடுடுவைக் கூப்பிட்டேன்.

"கிடுடு அண்ணே, வழியில மாட்டிக்கிட்டேன். இன்னிக்கு என் மருமகன் நிக்கறான். கார்டுல என்ன இருக்கு, படிச்சுச் சொல்லுங்க."

"போங்க மேடம், அத்தை இல்லாம எப்படி? கார்டா, இருங்க... நூத்தி எண்பத்தாறு."

"சரி."

"மேடம், ஒரு விஷயம்..."

"அப்புறம் பேசறேன் அண்ணே." வைத்துவிட்டேன். பின்னால் மணிச் சத்தம் காதைப் பிளந்தது.

கார்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தரையில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. வண்டியின் சீட்டிலேயே தாளை வைத்து, "மேல் கிடங்கு, நேரில் எண்ணியது, 186 மூட்டை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் போய் எண்ணிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் வீட்டில் விருந்து. அதற்கு மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தின் கணக்கு வந்து மேசையில் உட்கார்ந்துகொண்டது. டிசம்பரில் கூட்டுறவின் கணக்கு சரி என்று எங்கள் நிறுவனம் சான்று கொடுத்தது. பன்னிரண்டு வருட வேலையில் போகாத இடத்துக்குப் போனதாக நான் எழுதியது அந்த ஒரு தடவைதான். ஒரு தடவை என்று சொல்லிக்கொள்வதில் என்ன பெருமை, அந்த ஒன்றே போதும்.

*

மடோய் போன பிறகு அந்தக் கோப்பை எடுத்தேன். மேல் கிடங்கைப் பற்றிய மூன்றாவது தாளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. முதல் தாளைத்தான் திருப்பினேன், கீழ்க் கிடங்கில் ஒழுங்காக எண்ணிய தாள். என் கையெழுத்து அதில் அழகாக இருந்தது. ஒன்பதாவது வரியில் கண் நின்றது.

"கதவுக்கு இடப்பக்கம். நீல முக்கோணக் குறி. 40 மூட்டை. இன்று காலை இறங்கியது என்று குமாஸ்தா சொன்னார்."

நீல முக்கோணம் மேல் கிடங்கின் குறி. வேறு எந்தக் கிடங்குக்கும் அந்தக் குறி கிடையாது.

அந்த நாற்பது மூட்டையைக் காலையில் நான் கையால் தொட்டு எண்ணியிருக்கிறேன். மத்தியானம் அதே நாற்பதை மலைமேல் இருப்பதாக மறுபடியும் எழுதியிருக்கிறேன். மேலே போயிருந்தால் நூற்று நாற்பத்தாறுதான் இருந்திருக்கும், அன்றைக்கே விஷயம் தெரிந்திருக்கும். ஒரு கொட்டைகூடத் திருடு போகவில்லை. திருடனை உண்டாக்கியது என் பேனா.

கீழ்க் கிடங்கின் வரவுப் புத்தகத்தைப் பார்த்திருந்தால் மடோய்க்கே தெரிந்திருக்குமே என்று கேட்கலாம். நானும் போன் போட்டு அந்தக் குமாஸ்தாவைக் கேட்டேன். அன்றைய பக்கத்தில் ஒரே வரிதான்: "பல ஊர் மூட்டை, மொத்தம் 310." அவருக்கும் வீட்டில் ஒரு பையன் நின்றானாம். அன்று எல்லோருக்கும் அவசரம். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். எங்கள் அண்டாவில் ஒரு மனிதனின் பதினாறு வருடம் இருந்தது.

*

மறுநாள் மலைக்குப் போனேன். கிடுடு வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருந்ததால் வீட்டில் இருந்தார். வெங்காயப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் மண் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார்.

"வாங்க மேடம். நம்ம பக்கம் வந்து எவ்வளவு நாளாச்சு" என்றார்.

எனக்கு முகம் சுட்டது. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் மனைவி இஞ்சித் தேநீரும், கடலைச் சாந்தில் வெந்த மூங்கில் குருத்தும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

"மருமகன் எப்படி நின்னான்? நான் கேக்கவே இல்லையே" என்றார் கிடுடு.

"நல்லா நின்னான் அண்ணே. இமைகூட அசையலை."

"அத்தை மாவு பூசின கை ராசி."

குருத்துத் தட்டைத் தள்ளி வைத்தேன். "அன்னிக்கு போன்ல 'ஒரு விஷயம்'னீங்களே, என்ன அது?" என்று கேட்டேன்.

"லாரி விஷயம்தான். காலையில நாற்பது மூட்டை போயிருக்கு, சீட்டு இன்னும் வரலை, அதனால கார்டுல கழிக்கலைன்னு சொல்ல வந்ததாத்தான் ஞாபகம். முத்திரை குத்தின சீட்டு திரும்பி வராம கார்டைத் தொடக்கூடாதுன்னு மடோயோட சட்டம். அந்த டிரைவர்ப் பையன் சீட்டைப் பையில வெச்சுக்கிட்டு ஊர்வலத்துல ஆடப் போயிட்டான். இன்னிக்குத் தரேன், நாளைக்குத் தரேன்னு ஒரு மாசம் ஓட்டினான். அப்புறம் ஆளையே காணோம். நான் அப்பவே எழுத்துல குடுத்திருக்கணும். சோம்பேறித்தனம்."

"நான் மேல வரலைன்னு மடோய்கிட்ட சொன்னீங்களா?"

அவர் ஒரு களையைப் பிடுங்கி வேரில் இருந்த மண்ணை உதறினார். "இல்லை."

"ஏன்?"

"கிடக்கட்டும் மேடம். டீ ஆறுது."

அங்கேயே சொல்லியிருக்கலாம். முதல் தாளைப் பார்த்தேன், உங்கள் மூட்டை கிடைத்துவிட்டது என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. மார்ச் முதல் தேதி எங்கள் நிறுவனத்தின் பெயர்ப்பலகை மாறுவதாக இருந்தது. "வொனியாலா" என்ற பெயருக்குப் பக்கத்தில் "நமரோமே" என்று என் பெயர். பன்னிரண்டு வருடம் காத்திருந்த இடம். பெயர் எழுதுகிறவனுக்கு முன்பணம்கூடக் கொடுத்தாகிவிட்டது. சொன்னால் பலகை மட்டுமா போகும், கணக்கில் கையெழுத்துப் போடும் உரிமையே போகலாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை நான் அதுவரை பிறரைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறேன். தேநீரைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கினேன். என்மேல் எனக்கே எரிச்சலாக இருந்தது.

*

வொனியாலா சார் முழுதும் கேட்டார். அறுபத்திரண்டு வயது. கெட்ட செய்தி கேட்கும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைப்பார். நான் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடி பளபளவென்று ஆகிவிட்டது.

"ரெண்டு தாளும் இங்க வை."

வைத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"முதல் தாள் எவ்வளவு நல்லா எழுதியிருக்க. குதிகாலால தட்டினதுகூட இருக்கு. மூணாவது தாள்ல ஒரே வரி. பாத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். நான் பாக்கலை, உன் பேரைப் பாத்ததும் அடியில கையெழுத்துப் போட்டுட்டேன்." பெருமூச்சு விட்டார். "சரி, என்ன பண்ணலாம்ங்கற?"

"வெள்ளிக்கிழமை குழு முன்னாடி சொல்லிடலாம்னு."

"எவ்வளவு சொல்லுவ?"

"புரியலை சார்."

"கிடுடுவைக் காப்பாத்த முதல் தாள் போதும். நீல முக்கோணம் நாற்பது அங்கயே இருக்கு. மூணாவதுக்கு ஒரு கடிதம் எழுதலாம். 'கார்டின்படி'ன்னு எழுத வேண்டிய இடத்துல தவறுதலா 'நேரில் எண்ணியது'ன்னு விழுந்திருச்சு, எழுத்துப் பிழை, வருந்துகிறோம். அவனும் வெளிய வந்துடுவான், பலகையும் எழுதலாம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "சட்டப்படி யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. நான் இதைச் செய்னு சொல்லலை. இப்படி ஒரு வழி இருக்குன்னு சொல்றேன். நீ நாளைக்கு என்னைத் திட்டக்கூடாதில்ல."

நல்ல வழி. அதுதான் அதில் இருந்த சங்கடம். கிடுடுவுக்கு ஒரு குறையும் வராது. எனக்கும் வராது. ஒரு நாள் முழுக்க அந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் "தவறுதலாக" என்ற இடத்தில் நின்றது. எழுத்துப் பிழை என்றால் கை தவறியது என்று அர்த்தம். அன்று என் கை தவறவில்லை. நன்றாக யோசித்து, வண்டிச் சீட்டில் தாளை நீவி வைத்து, தெளிவாக எழுதியது. ஒரு பொய்யைத் திருத்த இன்னொரு பொய் எழுதி, அதற்கும் நிறுவனத்தின் முத்திரை வைத்துவிட்டு, அடுத்த செப்டம்பரில் இன்னொரு கிடங்கில் போய் நிற்க எனக்குக் கால் வருமா?

வியாழக்கிழமை மாலை சாரிடம் சொன்னேன். "முழுசா சொல்லப் போறேன் சார். கோப்பை வெளிய எடுத்துட்டுப் போக உங்க அனுமதி வேணும்."

"முழுசான்னா, கம்பாலாவுல நம்ம கணக்கர் சங்கத்துக்கும் எழுதுவியா?"

"எழுதுவேன்."

"ரெண்டு பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நம்மை விட்டுப் போகலாம்."

"தெரியும் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கோப்பை என் பக்கம் தள்ளினார். "பெயர் எழுதறவன்கிட்ட முன்பணம் திரும்பி வராது. அதை உன் சம்பளத்துல பிடிச்சுக்கறேன்" என்றார். அவர் கோபமாக இருக்கிறாரா, கேலி செய்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலை நான் கிளம்பும்போது அவரும் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "அடியில என் கையெழுத்தும் இருக்கில்ல? நட" என்றார்.

*

குழுவில் ஒன்பது பேர். தலைவர் நபுலோ அம்மா. மூன்று ஏக்கர் காப்பி, ஆறு பிள்ளைகள், யாருக்கும் பயப்படாத நாக்கு. கிடுடு சுவர் ஓரமாகத் தனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டை, பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

மடோய் நடந்ததை ஒழுங்காகச் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. தாளில் இருந்ததை நம்பினார், அவ்வளவுதான். "இப்ப ஆடிட்டர் மேடம் அந்தத் தாளைக் குடுப்பாங்க" என்று முடித்தார்.

எழுந்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் மகன் நின்றது நினைவுக்கு வந்தது. பத்தொன்பது வயதுப் பையன் நின்றான், முப்பத்தெட்டு வயது அத்தைக்கு நிற்க முடியவில்லை.

"இந்தத் தாள்ல மேல் கிடங்குல நேர்ல எண்ணினதா நான் எழுதியிருக்கேன்" என்றேன். "நான் அன்னிக்கு அங்க போகலை. வழியில இருந்து போன்ல கேட்டு எழுதினேன். எழுதும்போதே அது பொய்யின்னு எனக்குத் தெரியும். நாற்பது மூட்டை காலையிலயே கீழ வந்திருந்தது. அதைக் கீழ நான்தான் எண்ணினேன், இதோ இன்னொரு தாள். கிடுடு சொன்னது அத்தனையும் நிஜம். திருட்டே நடக்கலை."

மடோய் இரண்டு தாளையும் வாங்கிப் படித்தார். ஒன்பதாவது வரியில் விரல் வைத்தார். அவர் முகம் சுருங்கியது. "நீல முக்கோணம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"போகாமலே போனதா எழுதினியா?" என்றார் நபுலோ அம்மா.

"ஆமாம்மா."

"எதுக்கு?"

"அண்ணன் பையன் நின்னான்."

"அதைச் சொல்லியிருந்தா நானே நாளைக்கு எண்ணும்மானு சொல்லியிருப்பேனே. எங்க வீட்டுலயுந்தான் நின்னான். உனக்கு நாங்க காசு குடுக்கறதே எங்க கண்ணு போகாத இடத்துக்கு நீ போவேன்னுதான்."

தலையைக் குனிந்துகொண்டேன். வொனியாலா சார் எழுந்து, எங்கள் சான்றைத் திரும்பப் பெறுவதாகவும், கணக்கைக் கட்டணமில்லாமல் வேறு நிறுவனத்தை வைத்துத் திருத்தித் தருவதாகவும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நபுலோ அம்மா கிடுடு பக்கம் திரும்பினார். "ஏன்யா, இவ அங்க வரலைன்னு உனக்குத் தெரியும். பத்து நாளா உன்னைத் திருடன்னு ஊர் சொல்லுது. வாயில கொழுக்கட்டையா? அதைச் சொல்லித் தொலைச்சா என்ன?"

கிடுடு எழுந்து நின்றார். சட்டைப் பொத்தானைத் தடவினார்.

"மொதல்ல சொல்ல நினைச்சேம்மா. அப்புறம் மடோய் அந்தத் தாளைப் பத்திச் சொன்னாரு. கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு, நேர்ல எண்ணியதுன்னு எழுதியிருக்குன்னாரு. நான் வீட்டுக்குப் போய் யோசிச்சேன். நமரோமே மேடம் பொய் எழுதமாட்டாங்க. பத்து வருசமா பாக்கறேன், ஒரு மூட்டை குறைஞ்சா அடுக்கைப் பிரிச்சு எண்ணுவாங்க. அப்ப நாந்தான் மறந்துட்டேன் போல. வந்திருப்பாங்க, எண்ணியிருப்பாங்க. லாரி வேற நாள்ல போயிருக்கும். எனக்குத்தான் மூளை கலங்கிருச்சு, என் காவல்லதான் மூட்டை போச்சுன்னு நம்பிட்டேன்." என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "மேடம் அன்னிக்கு வீட்டுக்கு வந்து, தான் மேல வரலைன்னு மடோய்கிட்ட சொன்னீங்களான்னு கேட்டாங்க பாருங்க, அப்பதான் எனக்கு மூளை சரியாத்தான் இருக்குன்னு தெரிஞ்சுது."

அழக்கூடாது என்று வந்திருந்தேன். அழுதேன்.

*

கணக்கர் சங்கம் எனக்கு ஒன்றரை வருடம் கையெழுத்துத் தடை போட்டது. ஒரு பள்ளிக்கூடம் எங்களை விட்டுப் போனது, ஆஸ்பத்திரி போகவில்லை. பலகையில் இன்னும் ஒரு பெயர்தான். கேட்பவர்களுக்கு இதைச் சொல்வதில் எனக்குச் சிரமம் இல்லை. மடியில் கனம் இறங்கினால் வழியில் பயம் இல்லை.

சொல்லச் சிரமமானது அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம்தான். கிடுடுவுக்குச் சாவியைத் திருப்பிக் கொடுக்க முடிவானது. கொடுக்கும்போது கிடங்கில் இருப்பதை எண்ணி எழுத வேண்டும். மடோய் தயங்கிக்கொண்டே என்னைக் கேட்டார், நான் போனேன். கிடங்கு காலியான பிறகு புதிதாக வந்த மூட்டைகள் நடுவில் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினேன். அறுபத்து மூன்று. எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

கிடுடு தாளை வாங்கிப் பார்த்தார். "நல்லது மேடம்" என்றார், மரியாதையாகத்தான். பிறகு தாளைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அடுக்கின் ஓரத்துக்குப் போய், முதல் மூட்டையில் கை வைத்து, ஒன்று, இரண்டு என்று தானே எண்ண ஆரம்பித்தார். அறுபத்து மூன்று வரும்வரை நான் கதவோரம் காத்து நின்றேன்.